புரோபயாட்டிக் மட்டும் குடுத்தா குஞ்சு சாவு நிக்குமா?

கேள்வி: ராசிபுரம் பக்கம் நாட்டுக்கோழி வளக்கறேன் சார். ஒரு பேட்சுக்கு 300 இன்குபேட்டர் குஞ்சு எடுக்கறேன். முதல் வாரத்துலயே பின்பக்கம் வெள்ளையா ஒட்டிக்கிட்டு, இறக்கை தொங்கிப்போய் சாகுது. கடையில குடுக்கற என்ரோஃப்ளாக்சசின்ங்கற ஆன்டிபயாட்டிக்க தண்ணில கலந்து குடுப்பேன், முன்ன கேட்டுச்சு, இப்ப கேக்க மாட்டேங்குது. அதை விட்டுட்டு புரோபயாட்டிக் குடுக்கலாமா?

பதில்: வணக்கம்ங்க. புரோபயாட்டிக்னா குடலுக்கு நல்லது பண்ற உயிருள்ள பாக்டீரியா. குடுக்கலாம், ஆனா சீக்கு வந்து உக்காந்துட்ட குஞ்சை அது எழுப்பி விடாதுங்க. சீக்கு வர்றதுக்கு முன்னாடியே குடுக்க வேண்டியது அது.

தாய்க்கோழி பொரிச்ச குஞ்சு அது கூடவே குப்பையக் கிளறி, எச்சம் பட்டதையும் சேத்து கொத்தித் திங்கும், அதுலயே நல்ல பாக்டீரியா குடலுக்குப் போயிரும். இன்குபேட்டர் குஞ்சுக்கு அந்த வழியே கிடையாது, குடல் கிட்டத்தட்ட காலியாத்தான் உங்க கைக்கு வருது, முதல்ல வர்றது ஈ.கோலை, சால்மொனெல்லா மாதிரி சீக்குக் கிருமியா இருந்தாலும் அதுதான் உக்காரும். பஸ்ல துண்டு போட்டு சீட் பிடிக்கற மாதிரி நல்லதை முதல்ல ஏத்தி விடறதுதான் புரோபயாட்டிக். ஃபின்லாந்துல நூர்மி, ரந்தாலான்னு ரெண்டு பேர் வளர்ந்த கோழியோட குடல்ல இருந்து எடுத்ததை பச்சைக் குஞ்சுக்குக் குடுத்து, அப்புறம் சால்மொனெல்லாவ குடுத்தா அது குடல்ல சரியா ஒட்டறதில்லைன்னு 1973லயே எழுதிட்டாங்க. லேக்டோபேசில்லஸ் மாதிரி பாக்டீரியா அமிலத்தையும் உண்டாக்கும், கெட்டதுக்கு அது ஆகாது.

அதனால குஞ்சு வந்து இறங்கின உடனே குடிக்கற முதல் தண்ணிலயே கலந்துருங்க. பிளீச்சிங் பவுடர் போட்ட டேங்க் தண்ணி மட்டும் வேண்டவே வேண்டாம், குளோரின் அந்த உயிரையும் சேத்துக் கொன்னுரும், காசு குடுத்து வாங்கி நாமளே கொல்ற வேலை நிறைய பண்ணைல நடக்குது. ரெண்டு மூணு மணி நேரத்துல குடிச்சு முடிக்கற அளவு மட்டும் கலக்குங்க, அளவு பாக்கெட்ல போட்டிருக்கற படி. தீவனத்துல கலக்கணும்னா பேசில்லஸ் சப்டிலிஸ்ங்கற பாக்டீரியா இருக்கறதா வாங்குங்க, அது விதை மாதிரி உறைக்குள்ள இருக்கறதால சூடு தாங்கும், லேக்டோபேசில்லஸ் தாங்காது. மோர் குடுக்கலாமான்னும் நிறைய பேர் கேக்கறாங்க, தண்ணியா கரைச்சு காலைல கொஞ்ச நேரம் வைக்கறதுல தப்பில்ல, வெயில்ல புளிச்சுக் கிடக்க விட்டா அதுவே கழிச்சலக் குடுக்கும்.

இப்ப உங்க குஞ்சு விஷயம். முதல் நாலஞ்சு நாள்லயே சாகுதுன்னா சீக்கு பொரிப்பகத்துல இருந்தே வருதான்னு பாக்கணும். அப்படி வந்திருந்தா, செத்த குஞ்சை அறுத்துப் பாத்தா மஞ்சக்கரு வத்தாம பச்சையா நாத்தத்தோட இருக்கும், தொப்புள் ஈரமா வீங்கியிருக்கும். புல்லோரம்ங்கற சால்மொனெல்லா வகை வெள்ளைக் கழிச்சல் நோயா இருந்தா தாய்க்கோழி முட்டை வழியாவே வந்துருது, அதுக்கு எந்த புரோபயாட்டிக்கும் வழியில்ல, தாய்க்கோழிக்கு ரத்தப் பரிசோதனை பண்ற இடத்துல குஞ்சு எடுக்கறதுதான் ஒரே வழி. பிரூடர், அதாவது பல்பு போட்டு குஞ்சுக்கு சூடு குடுக்கற இடத்துல, சூடு குறைஞ்சாலும் மஞ்சக்கரு வத்தாது, முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கணும், குஞ்செல்லாம் பல்புக்குக் கீழ ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நின்னா சூடு பத்தலன்னு அர்த்தம். வளர்ந்த கோழிக்கு பச்சையும் வெள்ளையுமா கழிஞ்சு கழுத்து திருகிக்கிச்சுன்னா அது ராணிக்கெட், வைரஸ், அதுக்கு ஆன்டிபயாட்டிக்கும் கேக்காது, தடுப்பூசிதான்.

என்ரோஃப்ளாக்சசின் கேக்காம போனதுல ஆச்சரியமே இல்லைங்க, ஒவ்வொரு பேட்சுக்கும் அதையே ஊத்தினா பண்ணைல மிஞ்சறது அதைத் தாங்கற பாக்டீரியாதான், நாளைக்கு அதே கிருமி மனுசனுக்கு வந்தா ஆஸ்பத்திரிலயும் மருந்து கேக்காது. இதைவிட வீரியமா ஒண்ணு தர்றேன்னு கடையில சொன்னா தயவுசெஞ்சு வாங்கிராதீங்க, அதுல கொலிஸ்டின்ங்கற ஆன்டிபயாட்டிக் இருக்கான்னு லேபிள்ல பாருங்க, 2019லயே நம்ம நாட்டுல கோழிக்கு அதைத் தடை பண்ணியாச்சு.

அடுத்து செத்த குஞ்சு ரெண்டு மூணை உடனே ஐஸ் வச்ச டப்பால போட்டு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துட்டுப் போங்க, எந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகும்னு டெஸ்ட் பண்ணித் தரச் சொல்லுங்க. டாக்டர் எழுதிக் குடுத்தா அந்த ஆன்டிபயாட்டிக்க சொன்ன நாள் முழுக்கக் குடுங்க, பாதில நிறுத்தாதீங்க, அதோட சேத்து புரோபயாட்டிக் கலக்காதீங்க. கோர்ஸ் முடிஞ்ச மறுநாள்ல இருந்து ஒரு வாரம் புரோபயாட்டிக் குடுங்க, மருந்துல நல்லதும் சேந்து செத்திருக்கும். எந்த நாள்ல எத்தனை குஞ்சு சாகுதுன்னு இந்த பேட்சுல எழுதி வச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க, பாதி விஷயம் அதுலயே புரிஞ்சிரும்.