குப்பைக்கூடையின் அடியில் ஒரு சாக்லேட் காகிதம்

கேள்வி: எனக்கு வயது 38. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் அலுவலக வேலை, இரண்டு பிள்ளைகள். எடை குறைக்க ஆரம்பித்து 11 வாரம் ஆகிறது. தினமும் 1,500 கலோரி என்று கணக்கு. முதல் ஆறு வாரம் இனிப்பு, நொறுக்குத்தீனி எதையும் தொடவில்லை. 4 கிலோ குறைந்தது. அதற்குமேல் தாங்க முடியவில்லை. தோழி ஒருத்தி, “ஆறு நாள் கட்டுப்பாடாக இரு, ஞாயிற்றுக்கிழமை ‘சீட் டே’, இஷ்டத்துக்குச் சாப்பிடு” என்றாள். இப்போது சனிக்கிழமை மாலையே ஞாயிறைப் பற்றித்தான் நினைக்கிறேன். ஞாயிறு காலை எதுவும் சாப்பிடாமல் வயிற்றைக் காலியாக வைத்திருந்து, பிறகு அரை லிட்டர் ஐஸ்கிரீம், பெரிய சிப்ஸ் பாக்கெட் என்று முடிக்கிறேன். போன திங்கட்கிழமை எடைபார்த்தால் 1.8 கிலோ கூடியிருந்தது. எடைக்கருவி மேலேயே நின்று அழுதேன். இந்த ஐந்து வாரத்தில் குறைந்தது அரை கிலோதான். மற்ற நாட்களிலும் சாயங்காலம் நாலரைக்கு நாக்கு கேட்கிறது, இரவு பிள்ளைகள் தூங்கியதும் கேட்கிறது. போன வாரம் ஒரு சாக்லேட்டைச் சாப்பிட்டுவிட்டு, காகிதத்தைக் குப்பைக்கூடையில் காய்கறித் தோலுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். எனக்கே கேவலமாக இருந்தது. இனிப்பை ஒரேயடியாக விட்டுவிடட்டுமா? எனக்கு மன உறுதியே இல்லையா?
– பெயர் வேண்டாம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் காகிதம். நான் கேக்கை ஒளித்துச் சாப்பிட்டவள். இரவு பதினோரு மணி, சமையலறை விளக்கைப் போட்டால் யாராவது எழுந்துவிடுவார்களே என்று, குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்துவைத்து அந்த வெளிச்சத்திலேயே நின்றபடி கையால் பிட்டுப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க வந்த என் மகன், “ஏம்மா நின்னுக்கிட்டு சாப்பிடுற?” என்று கேட்டான். கேக்கைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேக் என்ன சுவையாக இருந்தது என்பதும் இன்றுவரை ஞாபகமில்லை.

மன உறுதி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். எல்லோரும் தாங்களாக முன்வந்தவர்கள், திடகாத்திரமானவர்கள். ஆறு மாதம் அவர்களுக்கு வழக்கமான சாப்பாட்டில் ஏறக்குறையப் பாதிதான் கொடுக்கப்பட்டது. கொஞ்ச நாளில் அவர்களுடைய பேச்சு, கனவு எல்லாமே சாப்பாடு ஆகிப்போனது. தட்டை நக்கினார்கள். சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள். சோதனை முடிந்து தடை நீங்கியபோது, வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டவர்கள் இருந்தார்கள். நீங்கள் அந்த அளவுக்குப் பட்டினி கிடக்கவில்லைதான். ஆனால் சனிக்கிழமை மாலையில் உங்கள் மனசு எங்கே போகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்த இளைஞர்கள்தான் ஞாபகம் வந்தார்கள். சாப்பாடு குறைந்தால் உடம்பு அதைத்தான் தேடும். அதற்குக் குணக்கேடு என்று பெயர் வைக்காதீர்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கடிதத்தோடு தனியாக எழுதி அனுப்பியிருக்கும் உங்கள் உயரம், எடைக்கு, எடை கூடாமல் குறையாமல் இருக்க நாளொன்றுக்குச் சுமார் 1,900 கலோரி தேவைப்படும். 1,500 சாப்பிட்டால் தினமும் 400 மிச்சம். ஆறு நாளைக்கு 2,400. ஞாயிறன்று அரை லிட்டர் ஐஸ்கிரீம் சுமார் 1,000, 150 கிராம் சிப்ஸ் சுமார் 800. காலையில் விட்டதை மத்தியானமும் இரவும் சேர்த்துப் பிடித்துவிடுகிறீர்கள், ஆக மற்ற சாப்பாடு வழக்கம்போல 1,500. மொத்தம் 3,300. தேவைக்குமேல் 1,400. ஆறு நாள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த 2,400இல் மிஞ்சுவது 1,000 கலோரி. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி என்று கொண்டால், ஒரு வாரத்துக்கு 130 கிராம். ஐந்து வாரத்துக்கு அரை கிலோவும் கொஞ்சமும். உங்கள் எடைக்கருவி பொய் சொல்லவில்லை, பாருங்கள்.

அதே கணக்கை இன்னொரு விதமாகப் போடுங்கள். ‘சீட் டே’ கிடையாது. ஏழு நாளும் 1,500. அதற்குமேல் தினமும் 20 கிராம் நல்ல சாக்லேட், 110 கலோரி. வாரத்துக்கு 2,800 மிச்சத்தில் 770 போனால் 2,030 நிற்கும். 260 கிராம். தினமும் சாக்லேட் சாப்பிட்டும் இப்போது குறைவதைப்போல இரண்டு மடங்கு!

உங்கள் தோழிமேல் எனக்குக் கோபமில்லை, நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் ‘சீட்’ என்றால் ஏமாற்று என்று அர்த்தம். யாரை ஏமாற்றுகிறீர்கள்? பெயரிலேயே குற்றத்தை வைத்துவிட்டு, பிறகு குற்ற உணர்ச்சி வருகிறதே என்றால் எப்படி?

திங்கட்கிழமை வந்த 1.8 கிலோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1,400 கலோரி முழுக்கக் கொழுப்பாக மாறினால்கூட 200 கிராம் வராது. மீதி எல்லாம் உப்பு பிடித்துவைத்த தண்ணீர், குடலில் இன்னும் வெளியேறாமல் இருக்கும் சாப்பாடு, பிறகு கிளைகோஜன். மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜனாகச் சேமிக்கும்போது ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்கும். இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும். இதுவே தலைகீழாகவும் நடக்கும்: முதல் வாரங்களில் குறைந்த 4 கிலோவில் ஒரு பங்கு இந்தத் தண்ணீர்தான். அன்றைக்குக் கிடைத்த சந்தோஷம் கொஞ்சம் அதிகம், திங்கட்கிழமை அழுகை ரொம்பவே அதிகம். இனி வியாழக்கிழமை காலையில் எடை பாருங்கள். வாரம் ஒருமுறை போதும்.

நாலரை மணிக்கு வருவதும் இரவில் வருவதும் ஒன்றில்லை. இதை நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.

நீங்கள் கூடவே அனுப்பிய சாப்பாட்டு அட்டவணையைப் பார்த்தேன். காலையில் ஒரு ஆப்பிள், கறுப்புக் காபி. மத்தியானம் ஒரு கிண்ணம் காய்கறி சாலட். நாலரைக்கு பிஸ்கட் டப்பா உங்களைக் கூப்பிடாமல் என்ன செய்யும்? அது ஆசை இல்லை, பசி. மிச்சக் கலோரியை எல்லாம் இரவுக்குத் தள்ளிவைத்திருக்கிறீர்கள். அதைப் பகலுக்குக் கொண்டுவாருங்கள். காலையில் இரண்டு முட்டை, முட்டை சாப்பிடாதவர் என்றால் தயிரோ பயறோ. மத்தியானச் சாலடில் ஒரு கை கொண்டைக்கடலை விழட்டும், கூடவே கொஞ்சம் சாதமோ ரொட்டியோ. புரதமும் நார்ச்சத்தும் இருந்தால் வயிறு நாலு மணி நேரம் தாங்கும். அதன்பிறகும் நாலரைக்குப் பசித்தால், ஒரு பழமும் பத்துப் பன்னிரண்டு பாதாம் பருப்பும் சாப்பிடுங்கள். அதை அட்டவணையிலேயே எழுதிவையுங்கள்.

இரவுக் கதை வேறு. ஒரு எளிய சோதனை சொல்கிறேன். வாய் நமநமவென்று இருக்கும்போது, ‘இப்போது ஒரு அவித்த முட்டை கொடுத்தால் சாப்பிடுவேனா?’ என்று கேட்டுப்பாருங்கள். சாப்பிடுவேன் என்றால் பசி, போய்ச் சாப்பிடுங்கள். “முட்டையா, சேச்சே, சாக்லேட்தான் வேணும்” என்றால் பசியில்லை, ஆசை.

ஆசை ஒரு அலை மாதிரி. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கிவிடும். போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்காக ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் சொன்ன வழி இது: அலையோடு மல்லுக்கு நிற்காதே, அதன்மேல் மிதந்து போ. எங்கே அரிக்கிறது, நாக்கிலா, தொண்டையிலா, நெஞ்சிலா என்று வெறுமனே கவனி. கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் ஆசையை அடக்குவதைவிட இது சுலபம். ‘நினைக்கக் கூடாது’ என்று உட்கார்ந்தால் அதுதான் முன்னால் வந்து நிற்கும், குரங்கை நினைக்காமல் மருந்து குடித்த கதையாக.

இன்னொன்று. ஆசை என்பது பெரும்பகுதி மனசுக்குள் ஓடும் படம். சாக்லேட்டின் பளபளப்பு, உடைக்கும்போது வரும் சத்தம், நாக்கில் கரைவது. அந்தப் படம் ஓடும் திரையை வேறு எதற்காவது கொடுத்துவிட்டால் ஆசை மங்கும். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் டெட்ரிஸ் என்ற கட்டங்களை அடுக்கும் விளையாட்டை 3 நிமிடம் ஆடவைத்தபோது ஆசையின் வேகம் குறைந்ததைப் பார்த்தார்கள். கண்ணுக்கும் கைக்கும் சேர்த்து வேலை கொடுக்கிற எதுவும் ஆகும்: தையல், குறுக்கெழுத்து, அலமாரி அடுக்குவது. டி.வி. ஆகாது. கை சும்மா இருக்கும், அது பாக்கெட்டைத் தேடும்.

ஆனால் தினமும் இரவு பத்து மணிக்கே வருகிறதென்றால் கேட்க வேண்டியது வேறு கேள்வி. நாள் முழுக்க அடுத்தவர்களுக்காக ஓடிவிட்டு, உங்களுக்கென்று கிடைக்கும் முதல் அரை மணி நேரம் அதுதான் இல்லையா? அங்கே உங்களுக்கு இருக்கும் ஒரே சந்தோஷம் சாக்லேட்தான் என்றால் அதை நான் எந்த மனசோடு பிடுங்குவது! அரைமணி முன்னால் படுத்தால் பாதிப் பிரச்சினை போகும் என்று சொல்லலாம். தூக்கம் குறைந்தால் பசி கூடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த அரைமணியை விட்டுக்கொடுக்க உங்களுக்கு மனசு வராது என்பதும் எனக்குத் தெரியும்.

ஆகவே, ஒரேயடியாக விடவேண்டாம். சாக்லேட்டை அட்டவணையில் ஏற்றுங்கள். 20 கிராம், எண்ணி எடுத்து, ஒரு தட்டில் வையுங்கள். மீதியைக் கட்டி உள்ளே வைத்த பிறகுதான் வந்து உட்கார வேண்டும். விளக்கு எரியட்டும், கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். கடிக்காமல் நாக்கில் வைத்துக் கரையவிடுங்கள். முதல் இரண்டு வாயில் இருக்கும் ருசி நாலாவது வாயில் இருக்காது, நீங்களே பார்ப்பீர்கள். இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, வயிறு நிறைந்திருக்கும்போது 20 கிராம் 20 கிராமாகவே நிற்கும்.

உங்களுக்கு ரொம்பப் பிடித்ததையே வாங்குங்கள். ‘சர்க்கரை இல்லாத’ பிஸ்கட், ‘டயட்’ கேக் வகையறாவில் எனக்கு நம்பிக்கை இல்லை. சாக்லேட் கேட்கும் நாக்குக்குக் கேரட் கொடுத்தேன், பிறகு டயட் பிஸ்கட் நாலு கொடுத்தேன், கடைசியில் சாக்லேட்டும் தின்றேன் என்பதுதான் என் அனுபவம். ஒன்றில் முடிந்திருக்க வேண்டியது மூன்றானது. சிப்ஸ் மாதிரி, திறந்தால் மூட முடியாத பண்டம் எல்லோருக்கும் ஒன்றிரண்டு இருக்கும். அதைச் சின்னப் பாக்கெட்டாக, ஒன்றே ஒன்று, சாப்பிடும் அன்றைக்கு வாங்குங்கள். வீட்டில் இருப்பு வைக்காதீர்கள்.

ஒருநாள் தவறும். கட்டாயம் தவறும். 1975இல் நடந்த ஓர் ஆய்வில், மில்க் ஷேக் குடிக்கவைத்த பிறகு ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுபவர்கள் ஷேக் குடித்ததால் ஐஸ்கிரீமைக் குறைத்தார்கள். எப்போதும் கட்டுப்பாட்டில் இருப்பவர்களோ ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமை அதிகம் சாப்பிட்டார்கள். இதற்கு நம்மிடம் பொருத்தமான சொல் தயாராக இருக்கிறது: ‘போனது போச்சு’. ஒரு துண்டு அதிகமானால் 100 கலோரி. ‘போனது போச்சு’ என்று உட்கார்ந்தால் 1,000. அடுத்த வேளையைப் பட்டினி போட்டு ஈடுகட்டவும் வேண்டாம், அது இன்னொரு ஞாயிற்றுக்கிழமையில்தான் கொண்டுவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒளிந்து, வேகவேகமாக, நிறுத்த முடியாமல் நிறையச் சாப்பிடுவது வாரம் ஒருமுறையாவது மூன்று மாதம் தொடர்ந்தால், அல்லது சாப்பிட்டதை வாந்தியெடுக்கத் தோன்றினால், அது டயட் விஷயம் இல்லை, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டிய விஷயம். உங்களுக்கு ஐந்து வாரம்தான் ஆகிறது, ‘சீட் டே’ போனதும் அதுவும் போய்விடும் என்றே நினைக்கிறேன். போகாவிட்டால் தள்ளிப்போடாதீர்கள். இதைப் படிப்பவர்களில் சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் சாப்பாட்டு அளவை மாற்றவேண்டாம். ஐஸ்கட்டி, சாக்பீஸ், மண் இப்படிப்பட்டதில் ஆசை வருபவர்கள் இரும்புச்சத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் கேட்டிருந்தீர்கள், அடுத்த புதன்கிழமை மகளுக்குப் பிறந்தநாள், கேக்கை வேண்டாம் என்பதா, ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்துவைப்பதா என்று. புதன்கிழமையே சாப்பிடுங்கள், அவள் ஊட்டும்போது. ஒரு துண்டு, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. மீதிக் கேக்கை வந்தவர்கள் கையிலேயே கட்டிக் கொடுத்துவிடுங்கள், இரவு பதினோரு மணிக்கு அது வீட்டில் இருக்க வேண்டாம்.