கதவில் ஒட்டிய சீட்டும் கீழ்வீட்டு அம்மாவும்

தம்பி, ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிரைண்டரில் மாவு அரைத்ததற்குக் கீழ்வீட்டுக்காரர் கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். அலுவலகத்திலும் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "ஜெர்மன்காரர்கள் இப்படித்தான், ஒட்டவே மாட்டார்கள், நம் ஆட்களோடு மட்டும் இருந்துகொள்" என்று அறை நண்பர் சொல்கிறார், அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மதுரையிலிருந்து 2006இல் இதே ஊருக்கு வந்தவன். எனக்கும் இதையேதான் சொன்னார்கள். இரண்டு வருடம் அதை நம்பியும் இருந்தேன்.

முதலில் அந்தச் சீட்டு. இங்கே ஞாயிறு அமைதி நாள். சுவரில் துளை போடக் கூடாது, காலி பாட்டிலைக்கூடத் தெருத்தொட்டியில் எறியக் கூடாது. மற்ற நாட்களிலும் இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் ஆகாது. நம் ஊரில் பக்கத்து வீட்டுச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டே இருப்போம், முடியாத ஒருநாள் சண்டையாக வெடிக்கும். அதனால் சீட்டைப் பார்த்ததும் ஆள் சண்டைக்கு வந்துவிட்டார் என்று நமக்குத் தோன்றுகிறது. இவர்கள் தங்களுக்குள்ளும் இப்படித்தான் எழுதி ஒட்டிக்கொள்கிறார்கள்.

எனக்கு நடந்தது இதைவிட மோசம். இந்தப் பக்கத்தில் கேர்வோகே என்று ஒரு வழக்கம் உண்டு, உங்கள் கட்டடத்திலும் இருக்கும். வாரம் ஒரு வீட்டார் முறைவைத்துப் படிக்கட்டைக் கூட்டித் துடைக்க வேண்டும். முறை வந்தால் கதவில் ஒரு அட்டை தொங்கும். நான் அதை ஏதோ விளம்பரம் என்று நினைத்துக் கழற்றி வைத்துவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் கீழ்வீட்டு அம்மா மணியடித்தார். எழுபதை நெருங்கும் வயது. படிக்கட்டைக் காட்டிக் காட்டி அவர் திட்டியதில் பாதி எனக்குப் புரியவில்லை, புரிந்த பாதியே போதுமாக இருந்தது. நம் நிறத்தைப் பார்த்துத்தான் இப்படிப் பேசுகிறார் என்று அன்று இரவு மனைவியிடம் சொன்னேன். அப்புறம் ஒன்றரை வருடம் அவரைக் கண்டால் வணக்கம் சொல்வதோடு சரி.

மனைவி கர்ப்பமாக இருந்த பனிக்காலத்தில் நான் ஒரு வாரம் வெளியூர் போக வேண்டி வந்தது. பனி தள்ளும் முறையும் அந்த வாரம் எங்களுடையது. திரும்பி வந்து மனைவியிடம் கேட்டால், தினமும் காலை ஏழு மணிக்குள் வாசல் நடைபாதையைச் சுத்தம் செய்து மண் தூவிவிட்டுப் போனது அந்த அம்மாதானாம். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லிக் காட்டவில்லை. நன்றி சொல்லக் கொஞ்சம் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே வரச் சொன்னார்.

அன்றைக்குத்தான் தெரிந்தது, அவர் இந்த ஊர்க்காரரே இல்லை. பிறந்தது ஹங்கேரியில், ஜெர்மன் பேசும் ஒரு கிராமத்தில். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சுமார் 1 கோடியே 20 லட்சம் ஜெர்மானியர்கள் துரத்தப்பட்டோ தப்பியோ வந்தார்கள். ஹங்கேரியிலிருந்து 1946இல் ரயில் ரயிலாக ஏற்றி அனுப்பினார்கள். அப்படி வந்த ஒரு ரயிலில் ஏழு வயதுப் பிள்ளையாக இவரும் இருந்திருக்கிறார். ஒரு உள்ளூர் விவசாயி வீட்டில் அரசாங்கம் ஒதுக்கிய ஒரே அறையில் ஐந்து பேர். பேசுவது அதே மொழிதான், ஆனாலும் பேச்சின் இழுப்பைக் கேட்டுப் பள்ளியில் சிரிப்பார்களாம். அம்மா சமைக்கும் பூண்டும் பாப்ரிகாவும் நாறுகிறது என்று வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து வைப்பாளாம். "அகதிகள் அழுக்கு என்று யாரும் வாயைத் திறந்துவிடக் கூடாது என்று என் அம்மா அந்தப் படிக்கட்டை முழங்காலில் உட்கார்ந்து தேய்ப்பாள்" என்றார்.

தம்பி, எனக்கு அதற்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை. வெள்ளைக்காரத் திமிர் என்று நான் பெயர் வைத்திருந்தது ஒரு அகதிப் பிள்ளையின் பயம். நான் துடைக்காமல் விட்ட படிக்கட்டில் அவர் எனக்காகவும் பயந்திருக்கிறார்.

இன்னும் நான்கு வருடம் கழித்து, தன்னை இனி ஸீ என்று சொல்ல வேண்டாம், டூ என்று சொல் என்றார். நம் நீங்கள், நீ மாதிரிதான். பெரியவர்தான் அதைத் தொடங்கி வைக்க வேண்டும், அப்படிச் சொல்வது இங்கே சின்ன விஷயம் அல்ல. அந்த வயதுப் பெண்மணியை நீ என்று சொல்ல முதலில் எனக்கு வாய் வரவில்லை. என் அம்மாவை நீ என்றுதானே கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்ட பிறகு வந்துவிட்டது.

அலுவலகம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திட்டவில்லை என்றால் அதுவே பாராட்டு என்று ஸ்வாபியர்கள் எனப்படும் இந்தப் பக்கத்து மக்களிடம் ஒரு சொலவடை இருக்கிறது, அதன்படியே நடக்கிறார்கள். உங்கள் பிறந்தநாளுக்கு நீங்களே கேக் வாங்கிக்கொண்டு போங்கள், இங்கே அதுதான் வழக்கம். பேச்சு அங்கே தொடங்கும். மலையேற ஆசை இருந்தால் 1888இலிருந்து இருக்கும் ஸ்வேபிஷர் ஆல்ப்ஃபெரைன் நடைச் சங்கத்தில் சேருங்கள். ஐந்து மணி நேரம் கூடவே நடக்கிறவர் பேசாமல் வரமாட்டார்.

துருக்கியர் தெருவில் வீடு பார்க்காதே என்று உங்கள் நண்பர் சொன்னதையும் ஏற்க முடியவில்லை. துருக்கியோடு 1961இல் போட்ட வேலையாள் ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்த நாடுதான் அவர்களை வேலைக்குக் கூப்பிட்டது. என் மகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர் அப்படி வந்த ஒரு தொழிலாளியின் பேத்தி.

ஒதுக்குதல் இல்லவே இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஒரு வீடு காலியாக இருக்கிறது என்று தொலைபேசியில் சொன்னவர், என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னதும் இப்போதுதான் போய்விட்டது என்றார். அது வலித்தது, இன்றும் வலிக்கிறது. அதற்கென்று 2006இலிருந்தே பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் இருக்கிறது. அப்படி நடந்தால் எழுதி வையுங்கள், சும்மா விடாதீர்கள். ஆனால் அந்த ஆளையும் மாவுக்காகச் சீட்டு எழுதியவரையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள்.

கிரைண்டரைச் சனிக்கிழமை பகலில் போடுங்கள். அடியில் ஒரு தடித்த ரப்பர் விரிப்பு போட்டால் கீழே அதிர்வு குறையும். அன்று மாலையே போய் மணியடித்து, சத்தம் கேட்டதா என்று அவரிடமே கேளுங்கள். வெறுங்கையோடு போக வேண்டாம், நாலு வடை போதும், காரம் குறைவாக.