சைக்கிளில் ஆபத்தாக ஓட்டுபவரைப் பார்த்தால் இன்னொரு சைக்கிள்காரர் கேட்கலாமா, கண்டும் காணாமல் போய்விட வேண்டுமா?

கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டு பேரில் யாருடைய சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தாலும் அப்போது வாயைத் திறக்கக்கூடாது. இதை ஒரு பையனைக் கீழே விழவைத்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

செங்கோட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் அது மணிக்கணக்கு வாடகைக் கடை. இப்போது பஞ்சர், ஓவராயில், பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள், கொஞ்சம் கியர் சைக்கிள் வேலை. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கிளம்பி, புளியரை வழியாக மலையேறி ஆரியங்காவு போய் ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டுத் திரும்புவேன். பதினோரு வருஷமாக இது பழக்கம்.

அந்தப் பாதையைத் தெரியாதவர்களுக்கு: அது திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகிற 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. புளியரை வயல்களைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். அப்புறம் எஸ் வளைவு. மேலே கோட்டைவாசல் கருப்பசாமி கோயில், அதைத் தாண்டினால் கேரளா. தேசிய நெடுஞ்சாலை என்று பெயரே ஒழிய, மலைப்பகுதியில் இரண்டு லாரி எதிரெதிரே வந்தால் சைக்கிளுக்கு மிஞ்சுவது ஒரு முழம் இடம்தான். இந்தப் பக்கமிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு லாரிகள் ராத்திரி பகல் பார்க்காமல் ஏறும். கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்ப சாமிமார் வண்டிகள் வேறு. ஆனி, ஆடியில் கணவாய் வழியாகச் சாரல் அடிக்கும்போது ரோடு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். இந்த ரோட்டில் ஒருத்தர் தப்பாக ஓட்டினால் அது அவர் பாடு என்று விட முடியாது. அவரைத் தப்பவைக்க ஒரு லாரிக்காரர் ஒடித்தால் பின்னால் வரும் நானும் சேர்ந்துதான் போவேன்.

அந்தப் பையன் விஷயத்தைச் சொல்கிறேன். ஆடி மாதம், லேசான சாரல். கோட்டைவாசலில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். கல்லூரிப் பையன் ஒருத்தன், நல்ல கியர் சைக்கிள், என் முழங்கையை உரசுகிற மாதிரி என்னைத் தாண்டிப் போனான். போனவன் வளைவை வெட்டி ரோட்டின் வலது பாதிக்குள் நுழைந்தான். எனக்கு வந்த கோபத்தில், "ஏலே! லெஃப்ட்ல போல!" என்று கத்திவிட்டேன்.

அவன் திரும்பிப் பார்த்தான்.

சைக்கிள் ஓட்டுகிற எல்லோருக்கும் இது தெரியும், யோசித்துப் பார்ப்பதுதான் இல்லை. தலை வலது பக்கம் திரும்பினால் தோள் கூடவே திரும்பும், தோளோடு கை, கையோடு ஹேண்டில்பார். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு வினாடிக்கு 11 மீட்டர். அந்த ஒரு வினாடியில் அவன் இன்னும் இரண்டு மூன்று அடி வலது பக்கம் போய்விட்டான். கீழேயிருந்து ஒரு ஜீப் ஏறி வந்தது. முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தான். நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத்தான் துடைக்கும், சக்கரம் ஒன்றிரண்டு சுற்று சுற்றுகிற வரைக்கும் பிடித்த மாதிரியே இருக்காது. அதனால் எல்லோரும் இன்னும் இறுக்குவார்கள், தண்ணீர் துடைந்ததும் ஒரேயடியாகப் பிடிக்கும். அவனுக்கும் அதுதான் நடந்தது. முன் சக்கரம் வாரிவிட்டு, ஜீப்புக்கு எட்டு பத்தடி முன்னால் சறுக்கிக்கொண்டு போய் நின்றான். ஜீப்காரர் நிறுத்திவிட்டார், அது அவனுடைய ஆயுசு.

முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் வழன்றிருந்தது. என் பாட்டில் தண்ணீரை ஊற்றிப் பொடிக்கற்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவன், "அண்ணாச்சி, நீங்க கத்தலன்னா நான் பாட்டுக்குத் திரும்பியிருப்பேன்" என்றான். வளைவை வெட்டியது அவன் தப்பு. விழுந்தது என்னால். இரண்டும் நிஜம்தான், ஒன்று இன்னொன்றை அழித்துவிடாது.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் வாயையே திறக்கவில்லை. யார் எப்படிப் போனாலும் சரி என்று இருந்தேன். அதன் பலனையும் என் கடைக்குள்ளேயே பார்த்தேன்.

எஸ் வளைவில் பாரம் ஏற்றின லாரிகள் நடை வேகத்தில்தான் ஏறும். சில பையன்கள் ஒரு கையால் லாரியின் பின்பக்கச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மிதிக்காமலே ஏறுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு பையனைப் பார்த்தேன். லாரியின் இடது ஓரத்தில், வளைவின் உள்பக்கம் தொங்கிக்கொண்டு போனான். நீளமான வண்டி வளைவில் திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்தில் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். முன் சக்கரம் போனபோது இருந்த இடம் பின் சக்கரம் வரும்போது இருக்காது. எனக்கு இது தெரியும். மேலே அவன் கருப்பசாமி கோயில் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினான், நானும் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நமக்கெதுக்கு என்று வந்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் அதே பையன் ஆட்டோவில் சைக்கிளைக் கொண்டுவந்து என் கடையில் இறக்கினான். பின் ரிம் எட்டு மாதிரி மடங்கியிருந்தது. இருபது போக்ஸ் கம்பிக்கு மேல் அறுந்து தொங்கியது. ஃபிரேமின் பின் ஃபோர்க் ஒரு பக்கம் சப்பையாகி, அதில் லாரி டயரின் கட்டை அச்சு அப்படியே பதிந்திருந்தது. அவன் கையை விட்டுவிட்டு ஓரத்து ஓடைக்குள் குதித்துத் தப்பியிருக்கிறான். "கோட்டம் எடுத்துரலாமா அண்ணாச்சி?" என்று கேட்டான். அந்த டயர் அச்சில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். கோயில் பக்கத்தில் நின்றபோது சொல்லியிருந்தால் இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். கேட்டிருப்பானா மாட்டானா என்பது வேறு விஷயம். சொல்ல வேண்டியது என் கடமை, நான் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வது என்பதை எனக்குச் சொல்லித்தந்தவர் ஒரு மலையாளி. ஆரியங்காவில் சாயாக் கடையில் நிற்கிறேன், அறுபது வயசு இருக்கும், அவரும் சைக்கிள்காரர்தான். பக்கத்தில் வந்து என் சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார். செயின் சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார். இரண்டு சாயா சொன்னார். குடித்து முடித்த பிறகு, "சேட்டா, ஒரு காரியம் பறயட்டே?" என்றார். என் முன் லைட் மேலே தூக்கியிருக்கிறது, மின்னுகிற மோடில் வேறு இருக்கிறது, விடியற்காலையில் எதிரே வந்தபோது தனக்குச் சில வினாடி ரோடே தெரியவில்லை என்றார். அவரே கையால் லைட்டைக் கீழே சாய்த்து, வெளிச்சம் எவ்வளவு தூரத்தில் விழ வேண்டும் என்று காலால் தரையைத் தட்டிக் காட்டினார். எத்தனை ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் கண்ணில் அடித்திருப்பேன்! ஒருத்தர் சொல்கிற வரைக்கும் எனக்குத் தெரியாது. நம்மை மாதிரிதான் தப்பாக ஓட்டுகிற பாதிப் பேரும், தெரியாமல்தான் ஓட்டுகிறார்கள். அன்றையிலிருந்து இன்றுவரை அவர் செய்த மாதிரியேதான் செய்கிறேன். நிற்கிற இடத்தில், தனியாக, பக்கத்தில் நின்று, ஒரே ஒரு விஷயம்.

கூட்டமாக வருகிறவர்கள் கொஞ்சம் கஷ்டம். நாலு பேருக்கு முன்னால் சொன்னால் எவ்வளவு நல்லவருக்கும் சுருக்கென்றிருக்கும். வெளியூர்க் குழு ஒன்று மூன்று மூன்று பேராக ரோட்டை அடைத்துக்கொண்டு வரும். பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வரும். ஒரு தடவை புளியரையில் அவர்கள் நின்றிருந்தபோது நடுவில் போய்ச் சொன்னேன். "ரோடு என்ன உங்க வீட்டுச் சொத்தா?" என்றார் அவர்களின் தலைவர். பதில் பேசாமல் வந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து வால்வு அடியில் டியூப் கிழிந்து அவரே என் கடைக்கு வந்தார். டியூப் மாற்றிக் காற்றடித்துக்கொண்டே, அந்த ரோட்டில் பஸ் டிரைவருக்கு வளைவில் எவ்வளவு தூரம் தெரியும் என்று மட்டும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிரெவே என்கிற நெடுந்தூர ஓட்டத்துக்கெல்லாம் அவர் போயிருக்கிறார், 200 கிலோமீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய ஓட்டம். அங்கே ராத்திரி ஓட்ட லைட்டும் ஒளிரும் சட்டையும் இல்லாமல் விடமாட்டார்கள் என்று அவரே சொன்னார். அங்கே ஒருத்தர் இன்னொருத்தர் லைட்டைத் தட்டிப் பார்த்தால் யாரும் கோபப்படுவதில்லையாம். அப்படி ஒரு பழக்கம் நம் ரோட்டிலும் வர வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. அப்பா காலத்தில் லைட் இல்லாமல் போனாலும் டபுள்ஸ் போனாலும் போலீஸ்காரர் நிறுத்திக் காற்றைப் பிடுங்கிவிடுவார். இப்போது சைக்கிளை யாரும் நிறுத்துவதில்லை, சொல்ல நாம்தான் இருக்கிறோம்.

சொல்லக்கூடாத விஷயங்களும் உண்டு. சீட் உயரம், உடுப்பு, எந்த கியரில் மிதிக்கிறார் என்பதெல்லாம் அவரவர் இஷ்டம். ஹெல்மெட் நான் போடுவேன், ஆனால் சைக்கிளுக்குச் சட்டத்தில் கட்டாயம் இல்லை. அதனால் யாரையும் அதற்காக நிறுத்துவதில்லை. அடுத்தவர் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வாயைத் திறப்பேன். தனியாகப் போகிற பெண் பிள்ளையைப் பின்தொடர்ந்து போய் புத்தி சொல்வதை ஆண்கள் தயவுசெய்து செய்யாதீர்கள். நீங்கள் எதற்கு வருகிறீர்கள் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அரசு கொடுத்த சைக்கிளில் பேசிக்கொண்டே வரிசையாகப் போகிற பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, காற்றடிக்கக் கடைக்கு வரும்போது சொல்வேன். மற்றபடி அவர்கள் பாட்டுக்குப் போகட்டும்.

கடைசியாக ஒருத்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொழுதுசாய என் கடை வழியாக ஒரு பெரியவர் புல்லுக்கட்டோடு போவார். பழைய சைக்கிள், லைட் கிடையாது, ரோட்டின் வலது பக்கமாகத்தான் போவார். நாகரிகமாக உடுத்தின சைக்கிள்காரர்கள் சிலர் அவரை நிறுத்தித் திட்டியதைப் பார்த்திருக்கிறேன், எனக்குப் பொறுக்கவில்லை. அவர் பஞ்சர் ஒட்ட வந்த அன்றைக்கு, "ஏன் பெரியப்பா அந்தப் பக்கமாப் போறீய?" என்று கேட்டேன். "பின்னால வாரவன நான் எங்க பாக்க? எதுக்க வாரவன்னா பாத்து ஒதுங்கிக்கிடலாம்லா" என்றார். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்கு வேறு. லாரி 50-ல் வருகிறது, இவர் 10-ல் போகிறார் என்றால், எதிரே போகும்போது இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் 60 கிலோமீட்டர் வேகத்தில் குறையும், ஒரே பக்கமாகப் போனால் 40-ல்தான் குறையும். லாரிக்காரருக்குப் பார்க்கவும் ஒடிக்கவும் அவ்வளவு கூடுதல் நேரம் கிடைக்கும். இதை இரண்டு ஸ்பேனரை மேசையில் நகர்த்திக் காட்டினேன். கூர்ந்து பார்த்தார். "அவன் கண்ணுக்கு நான் தெரியணும்லா?" என்றார். சரியான கேள்வி.

புது சைக்கிளுக்கு ரிஃப்ளெக்டர் கட்டாயம் என்று 2020-ல் மத்திய அரசு ஆணை போட்டது. பெரியப்பாவின் சைக்கிள் அதற்கு முப்பது வருஷம் மூத்தது. பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் வைத்தேன், புல்லுக்கட்டு தொங்கி அதை மறைத்துவிட்டது. அப்புறம்தான் பெடலில் மஞ்சள் ரிஃப்ளெக்டர் மாட்டினேன். பெடல் மேலும் கீழும் போவதால், பின்னால் வருகிறவருக்கு அது சைக்கிள் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். காசு வாங்கவில்லை, இனாமாக வேண்டாம் என்று அவர் மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

இப்போது சாயங்காலம் கடையில் இருந்து பார்த்தால், இருட்டுக்குள் இரண்டு மஞ்சள் புள்ளி ஏறி இறங்கிக்கொண்டே போகும். பாலம் வரைக்கும் இடது பக்கம்தான் போகிறார். பாலம் தாண்டியதும் மறுபடி வலது பக்கம் மாறிவிடுகிறார், அங்கே இடது ஓரத்தில் ரோடு பெயர்ந்து கிடக்கிறது. அடுத்த தடவை காற்றடிக்க வரும்போது அதைப் பற்றிக் கேட்க வேண்டும்.