கேமரா கேள்வி - பதில்: ஒகேனக்கல் அருவியும் தார்ப்பாய் மாம்பழமும்

கேள்வி: என்னிடம் இருப்பது கேனான் 1500டி, கூடவே வந்த 18-55 லென்ஸ். ஒகேனக்கல்லில் மதியம் எடுத்தால் அருவி வெறும் வெள்ளைத் திட்டாக விழுகிறது. தண்ணீர் பட்டுத்துணி விரித்ததுபோல வர என்ன செய்வது?
- வாசகர், பென்னாகரம்

பதில்: இவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். முதலில் வெளுப்பு. படத்தில் நிழல் விழுந்த பாறைதான் அதிக இடத்தைப் பிடிக்கிறது. அந்த இருட்டைப் பார்த்து கேமராவின் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிவிடும். அதில் அருவி வெளுத்துப்போகும். மீட்டர் கணக்கிட்ட வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1-க்குக் குறைத்து எடுங்கள். எடுத்த படத்தைத் திரையில் ஹிஸ்டோகிராமோடு (படத்தின் இருட்டு, வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம்) பாருங்கள். வெளுத்த இடம் மினுக்கிக் காட்டும். மினுக்கல் நிற்கும்வரை இன்னும் குறைக்கலாம். கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் ‘ரா’ கோப்பாக எடுத்தால் இருண்ட பாறையைப் பிறகு கணினியில் வெளிச்சமாக்கிக்கொள்ளலாம். வெளுத்த தண்ணீரை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

பட்டுபோல வர ஷட்டர் திறந்திருக்கும் நேரம் அரை நொடிக்கு அருகே இருக்க வேண்டும். உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் 11 (லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் கூடினால் துவாரம் சிறுக்கும்) வைத்தால் கிடைப்பது 1/200 நொடி. எஃப் 22 வரை மூடினாலும் 1/50-தான். படத்தின் கூர்மை போவதுதான் மிச்சம். ஆகவே லென்ஸின் முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடியான என்.டி 64 ஃபில்டர் வாங்குங்கள். வெளிச்சத்தை 6 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாவது) குறைத்து, 1/200-ஐ ஏறக்குறைய 1/3 நொடியாக்கும். உங்கள் லென்ஸுக்கு 58 மி.மீ. அளவு.

டிரைபாடில் வைத்து, ஃபில்டர் மாட்டும் முன்பே ஃபோகஸ் செய்து, லென்ஸில் உள்ள ஸ்விட்சை எம்.எஃப்-க்கு (கையால் ஃபோகஸ் செய்யும் நிலை) தள்ளுங்கள். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசரை அணையுங்கள். 2 நொடி டைமரில் எடுங்கள். இதையெல்லாம் பாறையில் நின்று செய்ய வேண்டும். தொங்கு பாலத்தில் நாலு பேர் நடந்தாலே டிரைபாடும் சேர்ந்து ஆடும். அங்கேயும் பரிசலிலும் ஃபில்டரைக் கழற்றிவிட்டு 1/1000 நொடியில் துளிகளை உறைய வைப்பதே புத்திசாலித்தனம். சாரல் அடிக்கும் இடத்தில் கிளிக் செய்யும் நொடிவரை லென்ஸைத் துணியால் மூடி வையுங்கள். சட்டை நுனியால் துடைக்காதீர்கள். மைக்ரோ ஃபைபர் துணி குறைந்தது இரண்டு வேண்டும், ஒன்று சீக்கிரமே நனைந்துவிடும்.

கேள்வி: 24 மெகாபிக்சல் படத்தை ஏ3 அளவில் பிரின்ட் போடலாமா?
- வாசகர், ஓசூர்

பதில்: தாராளமாக. 300 டி.பி.ஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏ3-க்கு 4961 x 3508 பிக்சல் போதும். உங்களிடம் 6000 x 4000 இருக்கிறது. நீளவாட்டில் ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும், அதை நினைவில் வைத்து ஃபிரேம் செய்யுங்கள். ஸ்டூடியோவுக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

கேள்வி: மண்டியில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே மாம்பழம் எடுக்கிறேன். சிவந்த செந்தூரா ரகமும் அழுகலாகத் தெரிகிறது. வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸ் மாற்றியும் சரியாகவில்லை.
- வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: சரியாகாது. மஞ்சளும் சிவப்பும் பழத்தில் தெரிய, அந்த நிறங்கள் விழும் வெளிச்சத்திலேயே இருக்க வேண்டும். நீலத் தார்ப்பாய் அவற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. வொயிட் பேலன்ஸ் இருப்பதைக் கூட்டிக் குறைக்குமே தவிர, இல்லாத சிவப்பைக் கொண்டுவராது. வலிந்து கூட்டினால் புள்ளி புள்ளியாக நாய்ஸ்தான் ஏறும். பக்கவாட்டில் வெயிலும் புகுந்தால் ஒரு பழத்திலேயே இரண்டு நிறம்.

கூடையை வெளியே, சுவர் நிழலுக்கு நகர்த்துங்கள். சுவர் வெள்ளையாக இருப்பது நல்லது. பச்சைச் சுவர் தன் நிறத்தைப் பழத்தின் மேல் ஏற்றும். வெளிச்சம் வரும் பக்கத்துக்கு எதிரே ஒரு வெள்ளைத் தெர்மாகோலை நிறுத்தினால் இருண்ட பாதி தெளியும். அதே இடத்தில் வெள்ளைத் தாளை ஃபிரேம் நிறைய எடுத்து, மெனுவில் கஸ்டம் வொயிட் பேலன்ஸுக்கு அந்தப் படத்தையே காட்டுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், தோலில் வெள்ளைப் பொட்டு விழும்.