வாசகர் கேள்வி – பதில்: முதியோர் குடியிருப்புப் பராமரிப்புக்கு ஒப்பந்தப்புள்ளி

கேள்வி: லண்டனில் சிறிய அளவில் வீட்டுப் பராமரிப்பு நிறுவனம் நடத்துகிறேன். எங்கள் பகுதிக் கவுன்சில், 'எக்ஸ்ட்ரா கேர்' குடியிருப்பு ஒன்றின் பராமரிப்புப் பணிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியுள்ளது. முன்பு வீட்டுப் பராமரிப்பு ஒப்பந்தப்புள்ளியின் கேள்விகளுக்கு எழுதிய விடைகளையே திருத்தி அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். வீடு வீடாகச் சென்று செய்யும் பணியும் இதுவும் ஒன்றல்ல. எக்ஸ்ட்ரா கேர் குடியிருப்பில் ஒவ்வொருவரும் தனிக் கதவுள்ள சொந்த அல்லது வாடகை வீட்டில் வாழ்கிறார்கள். பராமரிப்பாளர்கள் அதே கட்டடத்தில் இரவும் பகலும் பணியில் இருக்கிறார்கள். கட்டடத்தை நிர்வகிப்பவர் பெரும்பாலும் வேறொரு வீட்டுவசதி அமைப்பு என்பதால், எது உங்கள் பொறுப்பு, எது அவர்களுடையது என்பதை முதலிலேயே பிரித்து எழுதுங்கள்.

என் கருத்தில் அதிக உழைப்பு தேவைப்படுவது இரவுப் பணியைப் பற்றிய விடைக்குத்தான். இரவு இரண்டு மணிக்கு ஒரு பெரியவர் குளியலறையில் விழுந்து அவசரக் கயிற்றை இழுக்கிறார். அதே நேரத்தில் மறதிநோய் உள்ள ஓர் அம்மையார் இரவு உடையோடு வாசல் கதவருகே வந்து நிற்கிறார். பணியில் இருப்பவரோ ஒருவர்தான். அவர் முதலில் யாரிடம் செல்வார், உதவிக்கு யாரை அழைப்பார், விழுந்தவரைத் தூக்கும் முன் எதைச் சரிபார்ப்பார், காலையில் குடும்பத்தாருக்கு யார் தகவல் சொல்வார் என்று வரிசையாக எழுதினால், படிப்பவருக்கு உங்கள் நிறுவனம் கண்முன் தெரியும். 'தரமான சேவை வழங்குவோம்' என்ற வாக்கியத்துக்கு மதிப்பெண் கிடைக்காது. எழுதாத எதையும் மதிப்பீட்டாளர் தாமாக ஊகித்து மதிப்பெண் தர மாட்டார். கவுன்சிலுக்கு உங்களை முன்பே தெரியும் என்ற நம்பிக்கையில் எதையும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று: 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி, நேரடிப் பணம் (பராமரிப்பைத் தாமே ஏற்பாடு செய்துகொள்ளக் கவுன்சில் தரும் தொகை) பெறும் தகுதியுள்ள குடியிருப்பவர் தமக்கான பராமரிப்பை வேறு நிறுவனத்திடமும் பெறலாம். அந்த உரிமையை மதிப்பதாக விடையில் தெளிவாகச் சொல்லுங்கள்.

கேள்வி: விலையைக் குறைத்துக் காட்டினால் வாய்ப்பு கூடுமா?

பதில்: மணிக்கட்டணத்தைத் தாங்க முடியாத அளவுக்குக் குறைத்து ஒப்பந்தம் பெறுபவர்கள் ஆள் பற்றாக்குறையில் சிக்குகிறார்கள், அதன் சுமை முதியவர்கள் மீதே விழுகிறது. 2025 ஏப்ரலில் பணியாளர் ஊதியத்தின் மேல் முதலாளி அரசுக்குச் செலுத்தும் தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பு 13.8 விழுக்காட்டிலிருந்து 15 ஆக உயர்ந்தது. ஒரு பணியாளரின் ஆண்டு ஊதியம் எவ்வளவைத் தாண்டினால் அதைச் செலுத்த வேண்டும் என்ற வரம்பும் 9,100 பவுண்டிலிருந்து 5,000 ஆகக் குறைந்தது. பகுதிநேரப் பணியாளர்கள் நிறைந்த நிறுவனத்துக்கு இது பெரிய செலவு.

'டியூப்பி' (TUPE) விதிகளின்படி, அதாவது ஒரு பணி வேறு நிறுவனத்துக்கு மாறும்போது பணியாளர்களின் உரிமைகளைக் காக்கும் விதிகளின்படி, இப்போது அங்கு பணிபுரிபவர்கள் பெரும்பாலும் தங்கள் ஊதியத்தோடும் விடுப்பு உரிமையோடும் உங்களிடம் மாறுவார்கள். பழைய முதலாளி அவர்களைப் பற்றிய விவரத்தைத் தர வேண்டிய சட்டக் கெடு, அவர்கள் உங்களிடம் மாறும் நாளுக்கு 28 நாட்கள் முன்புதான். அப்போது நீங்கள் விலை கொடுத்து முடித்திருப்பீர்கள். ஆகவே பெயர் நீக்கிய பணியாளர் பட்டியல் ஆவணங்களில் இல்லாவிட்டால், ஒப்பந்தப்புள்ளி பற்றி விளக்கம் கேட்பதற்கான கடைசி நாளுக்குள் கவுன்சிலிடம் எழுத்தில் கேளுங்கள். பொதுவாக அந்தப் பதில் எல்லாப் போட்டியாளர்களுக்கும் போகும். அதற்காகக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.