வாய்ப்பாட்டுக்குச் சந்தா கட்டலாமா?

கேள்வி: மாங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தரம் 4 படிப்பிக்கிறேன். கூட்டல், கழித்தல், பெருக்கல் பயிற்சி தரும் ஒன்லைன் திட்டம் ஒன்றை ஒரு மாத இலவசச் சோதனைக்கு எடுத்தோம். வகுப்பு முழுவதற்கும் ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்படையாகப் போட்டேன். சிலர் ஒரே நாளில் முடித்துவிட்டார்கள், சிலர் தொடவே இல்லை. ஒரு வீட்டில் அண்ணனும் தங்கையும் ஒரே போனில் செய்வதால் அறிக்கையும் குழம்பிக் கிடக்கிறது. பெற்றோரிடம் காசு சேர்த்து வருடச் சந்தா கட்டலாமா?

பதில்: ரீச்சர், சோதனை மாதம் முடிவதற்குள் பிள்ளைகளின் திரையை விட்டுவிட்டு உங்கள் திரையை நன்றாகக் கிண்டிப் பாருங்கள். பிள்ளைகளைக் கவரும் பூதமும் தங்கக் காசும் எல்லாத் திட்டத்திலும் வரும். காசு கொடுக்கத் தகுந்தது ஆசிரியர் பக்கம்தான். பிள்ளைக்குப் பிள்ளை வேறு ஒப்படை கொடுக்க முடியுமா, நேர எல்லையை மாற்ற முடியுமா, எந்தக் கணக்கில் பிள்ளை தடுமாறுகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டுமா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் யோசிக்கலாம். வகுப்புக்கே ஒரே வேலைதான் போடலாம் என்றால், அதைக் கரும்பலகையிலேயே செய்துவிடலாம்.

ஏழாம் வாய்ப்பாட்டை மொத்தமாகப் போட்டதில்தான் முதல் சிக்கல். எங்கள் பிள்ளைகள் ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று பாட்டாகப் பாடமாக்கியவர்கள். திரையில் திடீரென்று 7×8 வந்தால், ஓரேழிலிருந்து தொடங்கி உதட்டை அசைத்துக்கொண்டு ஏறி வருவார்கள். எட்டாவது படிக்கு வரும்போது நேரம் முடிந்துவிடும். இந்தத் திட்டங்கள் கணக்கை மாற்றி மாற்றிக் கேட்பதே அந்தப் பழக்கத்தை உடைக்கத்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கொடுக்கும் அளவு சிறியதாக இருக்க வேண்டும்.

ஒன்று முதல் பத்து வரை 100 பெருக்கல் இருக்கிறது. 7×8 தெரிந்தவனுக்கு 8×7 தனியாகத் தேவையில்லை என்று பார்த்தால் 55. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து வருவதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது 21. பெரும்பாலான பிள்ளைகள் சறுக்குவது இந்த 21இல்தான். கிழமைக்கு மூன்று நான்கு வீதம் போட்டால் ஒரு தவணைக்குள் முடியும்.

முதலில் நிலை அறியும் சோதனையை வையுங்கள். அதைப் பள்ளிக்கூடத்திலேயே, உங்கள் கண்முன் வைக்க வேண்டும். வீட்டில் வைத்தால் அக்கா செய்து கொடுப்பா, பிறகு தம்பிக்கு வரும் ஒப்படை முழுக்க அக்காவின் தரத்தில் வரும். முடிவைப் பார்த்து வகுப்பை மூன்று குழுவாகப் பிரியுங்கள். கூட்டலிலேயே தடுமாறும் பிள்ளைக்குப் பெருக்கல் போட வேண்டாம். புதிய ஒப்படை போடும்போது பழையது என்ன ஆகிறது என்றும் பாருங்கள். சில திட்டங்களில் அது வரிசையில் நின்றுகொண்டே இருக்கும், பிள்ளை திறந்தால் முதலில் பழையதுதான் வரும். தொடாத பிள்ளைகளில் சிலர் இதைப் பார்த்துப் பயந்து மூடியவர்களாகவும் இருக்கலாம்.

நேர எல்லை இன்னொரு கண்ணி. எக்ஸ்ட்ராமாத் என்ற அமெரிக்க இலாபநோக்கற்ற நிறுவனத்தின் திட்டத்தில் ஒரு கணக்குக்கு விடை போட வழக்கமான இலக்கு 3 செக்கன்; ஆசிரியர் அதைத் தளர்த்தலாம். கீறல் விழுந்த பழைய போனில் 56 என்று இரண்டு இலக்கம் அமத்துவதற்கே அந்த நேரம் போய்விடும். விடை தெரிந்த பிள்ளையைத் தெரியாது என்று அறிக்கை சொல்லும். சந்தேகமான பிள்ளையைக் கூப்பிட்டு வாயால் கேளுங்கள். உடனே சொன்னால் எல்லையைக் கூட்டிவிடுங்கள்.

ஒரே போனைப் பாவிக்கும் அண்ணன், தங்கைக்கு ஒரு விதி போதும்: முடித்ததும் வெளியேறிவிட்டுத்தான் மற்றவரிடம் கொடுக்க வேண்டும். இரகசிய இலக்கத்தைக் கொப்பியின் உள்மட்டையில் எழுதி ஒட்டிவிடுங்கள். பதிவுசெய்யும்போது முழுப்பெயர் தேவையில்லை, இடாப்பு இலக்கம் போட்டாலும் வேலை நடக்கும். தகப்பன் வேலையால் வந்த பிறகுதான் போன் வீட்டுக்கு வரும் வீடுகளும் உங்கள் வகுப்பில் இருக்கும். ஆகவே ‘நாளைக்குள்’ என்று போடாமல் ஞாயிறு இரவு வரை விடுங்கள்.

இனிச் சந்தா. வருடம் என்றால் எந்த வருடம் என்று கேளுங்கள். வெளிநாட்டுத் திட்டங்களில் சிலவற்றுக்கு ‘வருடம்’ என்பது அந்த ஊர்ப் பள்ளி ஆண்டு. அங்கே கோடை விடுமுறையோடு முடியும், எங்களுக்கு நடுவழியில் நின்றுவிடும். இடம் மாறிப்போகும் பிள்ளையின் இடத்தைப் புதிதாக வரும் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். என்னைக் கேட்டால், சோதனை மாதம் முடிந்தாலும் இந்தத் தவணை இலவசமாகக் கிடைக்கும் திட்டம் ஒன்றை வைத்து ஓட்டுங்கள். ஒப்படை போடும் பழக்கம் உங்களுக்கும் பிடிபட்ட பிறகு பெற்றோரிடம் காசு கேட்கலாம்.

கேள்வி: இது டேட்டாவை நிறையத் தின்னுமா? (தாய், துணுக்காய்)

பதில்: வெறும் எண்கள் வரும் பயிற்சி மிகக் கொஞ்சம்தான் எடுக்கும். வீடியோவும் அசையும் படமும் உள்ளதுதான் ரீலோட்டை முடிக்கும். போனின் செட்டிங்ஸில் ஒவ்வொரு செயலியும் எவ்வளவு எடுத்தது என்று தெரியும். பிள்ளையை ஒருநாள் செய்யவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: கனடாவில் இருக்கும் தம்பி, மகளுக்கு இப்படி ஒரு கணக்குச் செயலியை எடுத்துக் கொடுத்தான். அவள் செய்வதில்லை என்று போனிலிருந்து அழித்துவிட்டேன். ஆனாலும் அவனுடைய கார்ட்டில் காசு வெட்டுப்படுகிறதாம். (விசுவமடு)

பதில்: செயலியை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோர் வழியாக எடுத்திருந்தால், எடுத்த அந்தக் கூகுள் கணக்கால் உள்ளே போய், சந்தாக்கள் பகுதியில் நிறுத்த வேண்டும். அது தம்பியின் கணக்கு என்றால் அவர்தான் செய்ய வேண்டும், உங்கள் போனில் தேடினாலும் கிடைக்காது. இணையத்தளத்தில் நேரே கட்டியிருந்தால் அந்தத் தளத்திலேயே நிறுத்துங்கள். காசு வெட்டி 48 மணித்தியாலத்துக்குள் என்றால் கூகுளிடமே திருப்பிக் கேட்டுப் பார்க்கலாம். அதற்குப் பிறகு செயலிக்காரருக்குத்தான் எழுத வேண்டும்.

வெளிநாட்டு நிறுவனத்தின் மேல் இங்கே முறையிட்டுப் பெரிதாக ஒன்றும் நடக்காது. உள்ளூர்க் கடையோ ரியூசன் நிலையமோ சந்தாவை விற்றிருந்தால் கதை வேறு. பற்றுச்சீட்டோடு பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். சேவை பெற்று 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தொலைபேசி 1977.