ஒதுக்கப்பட்ட மக்களின் சார்பில் திருச்சபைத் தலைமைப் பொறுப்புக்குப் போட்டியிடலாமா?

திருச்சபைக்குள் ஒதுக்கி வைக்கப்பட்டவர்களுக்காகப் பேசும் ஒருவராக நிர்வாகத் தேர்தலில் நிற்க விரும்புவதாகவும், அப்படி நிற்பது விசுவாச வாழ்க்கைக்குப் பொருந்துமா, நின்றால் எதில் கவனம் வைக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நில்லுங்கள் என்பதே என் பதில். ஆனால் எந்த நாற்காலிக்கு நிற்கிறீர்கள் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். பொதுநிலை உறுப்பினராக, அதாவது குருவல்லாத உறுப்பினராக, ஒரு தவணைக் காலம் சபை நிர்வாகக் குழுவிலும் அதன் நிதிக் குழுவிலும் இருந்திருக்கிறேன். பேச்சுக்கு இடம் கொடுக்கும் அவைகள் வேறு, பணமும் நியமனமும் முடிவாகும் அவைகள் வேறு என்பது அங்கேதான் எனக்கு விளங்கியது. எளியவர்களுக்காகப் பேச வருகிறவர்களுக்கு முன்னதில் இடம் எளிதாகக் கிடைத்துவிடும். பின்னதன் கதவைத் தட்டும்போதுதான் எதிர்ப்பு தொடங்கும்.

விசுவாசத்துக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய யூதக் குடும்பங்களின் விதவைகளுக்கு அன்றாடப் பங்கீட்டில் குறை வைக்கப்படுகிறது, அவர்கள் முறுமுறுக்கிறார்கள். அப்போஸ்தலர்கள் அந்த முறுமுறுப்பைப் பாவம் என்று கண்டிக்கவில்லை, விதவைகளின் சார்பில் ஒருவர் வாரந்தோறும் எழுந்து பேசட்டும் என்றும் சொல்லவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும்படி சபையாரிடமே விட்டு, பந்தி விசாரிப்பையே அந்த ஏழு பேரிடம் ஒப்படைத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலாவு ஆகிய ஏழும் கிரேக்கப் பெயர்கள். நிக்கொலாவு யூத மார்க்கத்தில் சேர்ந்த அந்தியோகியா ஊரான். அக்காலத்து யூதர் சிலருக்கும் கிரேக்கப் பெயர் இருந்தது உண்மைதான் என்றாலும், ஏழு பெயரும் அப்படி அமைந்ததை வைத்து, குறை சொன்ன தரப்பிலிருந்தே அந்த ஏழு பேரும் வந்திருக்க வேண்டும் என்று விளக்கவுரையாளர்கள் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. பங்கீட்டில் குறை என்றவர்களிடமே பங்கீட்டைக் கொடுத்தது ஆதிச்சபை. இதைவிடத் தெளிவான முன்னுதாரணம் உங்களுக்குக் கிடைக்காது.

இனி நடைமுறைக்கு வருவோம். பெரும்பாலான சபைகளில் முடிவுகள் பெரிய கூட்டத்தில் அறிவிக்கப்படுகின்றன. எடுக்கப்படுவதோ அதற்கு முந்தைய சிறிய கூட்டத்தில். தென்னிந்தியத் திருச்சபையில் பேராயர் பதவி காலியாகும்போது, அந்தத் திருமண்டலத்தின், அதாவது அந்தப் பேராயரின் ஆளுகைக்குட்பட்ட பகுதியின், பெருமன்றம் ஒரு பெயர்ப்பட்டியலைத் தேர்ந்து அனுப்புகிறது. அதிலிருந்து ஒருவரை, திருச்சபை முழுவதற்குமான உயர் மன்றமாகிய சினாட் அளவில் நியமிக்கிறார்கள். எனவே பட்டியலில் யார் பெயர் ஏறும் என்பதைப் பெருமன்ற உறுப்பினர்கள் தீர்மானிக்கிறார்கள். பெருமன்றத்துக்கு யார் போவது என்பதை உள்ளூர்ச் சபை அமைப்புகளாகிய சேகரங்கள் தீர்மானிக்கின்றன. பேராயரைக் குறித்து வருத்தப்படுகிறவர்கள் பலரும் சேகரத் தேர்தல் நாளில் எங்கே இருந்தார்கள் என்று கேட்கத் தோன்றும். இதே திருச்சபை 1976-இலேயே பெண்களுக்குக் குருத்துவ அபிஷேகம் அளித்தது. அதன் முதல் பெண் பேராயராகப் புஷ்பா லலிதா நந்தியால் திருமண்டலத்தில் பொறுப்பேற்றது 2013-இல். கதவு திறந்ததற்கும் நாற்காலி கிடைத்ததற்கும் நடுவில் முப்பத்தேழு ஆண்டுகள். விதி இடம் கொடுத்த பிறகும் இவ்வளவு தாமதம் என்றால், பெயர்களை முன்மொழியும் இடங்களில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைக் கேட்காமல் இருக்க முடியாது.

சிறிய பதவி என்று ஒதுக்கப்படும் பொதுநிலை உறுப்பினர் இடம் எவ்வளவு கனமானது என்பதற்கு இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுச் சினாட் ஒரு பாடம். அங்கே ஆயர்கள், குருக்கள், பொதுநிலையினர் என மூன்று அவைகள் உண்டு. பெண்களை ஆயர்களாக்கும் சட்டமுன்வடிவு 2012 நவம்பரில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, 44 மறைமாவட்டங்களில் 42 ஏற்கெனவே ஒப்புதல் தந்திருந்தன. ஆயர்கள் அவையும் குருக்கள் அவையும் தேவையான மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டிவிட்டன. பொதுநிலையினர் அவையில் ஆதரவு 132, எதிர்ப்பு 74. மூன்றில் இரண்டு பங்குக்கு ஆறு வாக்குகள் குறைந்ததால் முன்வடிவு விழுந்தது. மீண்டும் கொண்டுவந்து நிறைவேற்ற 2014 ஜூலை வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த ஆறு இடங்களுக்கும் தேர்தல் நடந்த நாளில் பெரும்பாலோருக்கு அது சலிப்பூட்டும் ஒரு சடங்காகவே இருந்திருக்கும்.

தேர்தலே இல்லாத அமைப்பிலும் நிலைமை இதற்கு வெகுதூரம் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின்படி, பங்கு எனப்படும் உள்ளூர்ச் சபையில் பங்குப் பேரவை அமைப்பது மறைமாவட்ட ஆயரின் விருப்பத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக் குழு இருந்தே ஆக வேண்டும் என்பதோ கட்டாயம். இரண்டுக்கும் ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே உண்டு என்றாலும், எதைக் கட்டாயமாக்கினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

எங்கள் குழுவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு ஆலய வாசலில் ஒரு சாய்தளம் வேண்டும் என்ற கோரிக்கை, நான் சேர்வதற்கு முன்பிருந்தே கூட்டப்பொருள் பட்டியலில் இருந்தது. எந்த இடத்தில் என்றால், கடைசியில், ‘தலைவரின் அனுமதியோடு இதர பொருள்கள்’ என்ற தலைப்பின் கீழ். ஜெபம், சென்ற கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, பொருளாளர் அறிக்கை, பண்டிகை ஏற்பாடு எல்லாம் முடிந்து, கோப்புகளை மூடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கடிதம் வாசிக்கப்படும். எல்லாரும் மனம் இளகுவார்கள். ‘கட்டாயம் செய்ய வேண்டியதுதான்’ என்று தலைவர் சொல்வார். நடவடிக்கைக் குறிப்பில் ‘பரிசீலிக்கப்பட்டது’ என்று ஒரு சொல் ஏறும். அடுத்த கூட்டத்திலும் அதே கடிதம், அதே இளக்கம், அதே சொல்.

அது நிறைவேறியது வேறொரு மேசையில். ஆண்டுப் பராமரிப்பு மதிப்பீட்டைத் தயாரிக்கும் சிறு குழுவில் மூன்று பேரும் கணக்கரும் உட்கார்ந்து, முன்பக்கச் சுற்றுச்சுவருக்கு வண்ணம் பூசுவதை இந்த ஆண்டு வைப்பதா, அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவதா என்று பேசிக்கொண்டிருந்தபோது, கொத்தனாரிடம் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த மதிப்பீட்டுத் தாளை மாற்றுத்திறனாளி ஒருவரின் தாயார் எடுத்து வைத்தார். அவர் அந்த மூவரில் ஒருவர். வண்ணப்பூச்சு அடுத்த ஆண்டுக்குப் போனது. சாய்தளம் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரியாக அச்சாகி வந்தது; பொதுக்குழுவில் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்காமலேயே ஒப்புதல் ஆனது. அனுதாப உரைகளால் அசையாத ஒன்றை ஒரு வரி அசைத்துவிட்டது. ஆகவே நீங்கள் வென்றால், எந்தத் துணைக்குழுவில் இடம் வேண்டும் என்பதை முதல் கூட்டத்திலேயே கேளுங்கள்: நிதி, நியமனம், சொத்துப் பராமரிப்பு ஆகிய மூன்றில் ஒன்று. ‘சமூக அக்கறைக் குழுவுக்கு உங்களைவிடப் பொருத்தமானவர் யார்’ என்று புகழ்ந்து அனுப்பப் பார்ப்பார்கள். அந்தப் புகழ்ச்சிக்கு நன்றி சொல்லிவிட்டு, கேட்டதையே மறுபடியும் கேளுங்கள்.

தேர்தலுக்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பலரும் அதைக் கவனிப்பதில்லை: வாக்காளர் பட்டியல். திருவிருந்தில் பங்குபெறும் உறுப்பினராக இருந்து, குறிப்பிட்ட நாளுக்குள் சந்தாவைச் செலுத்தியவருக்கே வாக்கு என்ற விதி பல சபைகளில் உண்டு. ஒழுங்குக்காக வைத்த விதிதான். ஆனால் நாட்கூலிக்குப் போகிறவர்கள், பருவத்துக்குப் பருவம் ஊர் மாறி வேலை பார்க்கிறவர்கள், கணவரின் பெயரில் மட்டுமே ரசீது போடப்படும் பெண்கள் ஆகியோரே இந்த விதியால் முதலில் பட்டியலிலிருந்து விழுகிறார்கள். நீங்கள் யாருக்காக நிற்கிறீர்களோ அவர்களுக்கு உங்களுக்கு வாக்களிக்கும் உரிமையே இல்லாமல் போகலாம். வரைவுப் பட்டியல் ஒட்டப்படும் நாளைத் தெரிந்துகொண்டு, விட்டுப்போன பெயர்களுக்கு உரிய காலத்தில் எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுக்கச் செய்யுங்கள். மற்றவர்களின் நிலுவையை உங்கள் கையிலிருந்து கட்ட மட்டும் முனையாதீர்கள். வாக்கை விலைக்கு வாங்கினார் என்ற சொல் ஒரே நாளில் சபை முழுவதும் பரவிவிடும். நிலுவையைத் தவணையில் செலுத்தவும், வருமானம் அற்றவர்களுக்கு விலக்கு அளிக்கவும் குழுவிடம் கேட்பது நேரான வழி.

எதிர்ப்பு எந்த உருவில் வரும் என்றும் சொல்லிவிடுகிறேன். நேரடியான வெறுப்பு அரிது. ‘கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்ற பிறகு தனித்தரப்பு எதற்கு’ என்று கலாத்தியர் நிருபத்தைக் காட்டுவார்கள். அந்த வசனம் அழித்துப்போட்ட வேற்றுமைகள் ஆலயத்துக்குள் அழிந்துவிட்டனவா என்பதற்கு இந்தியத் திருச்சபையின் வரலாறே பதில். கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாகவும் முற்றாகவும் கைவிடப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தது 1833-இல். தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்டு, தீண்டாமையும் பாகுபாடும் சபைக்குள்ளேயே நிலவுவதை ஒப்புக்கொண்டது 2016-இல். தலித் சமூகத்திலிருந்து முதல் கர்தினாலாக அந்தோணி பூலா உயர்த்தப்பட்டது 2022-இல். இதை ஆத்திரமில்லாமல், ஆண்டுகளைச் சொல்லியே எடுத்து வைக்கலாம்.

இன்னொரு எதிர்ப்பு, ‘சபையின் சமாதானம் கெட்டுவிடும்’ என்பது. இதற்கு நான் அதிகம் அஞ்சுகிறேன், ஏனென்றால் இதைச் சொல்கிறவர்களில் பலர் உண்மையாகவே நல்லவர்கள். தென்னாப்பிரிக்க டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் 1857-ஆம் ஆண்டு சினாட், எல்லா இனத்தவரும் சேர்ந்தே ஆராதிப்பதுதான் வேதத்துக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, ‘சிலரின் பலவீனத்தை’ முன்னிட்டுத் தனி இடத்தில் ஆராதனை நடத்த அனுமதி தந்தது. 1881-இல் கலப்பினத்தவருக்கென்று தனித் திருச்சபையே உருவானது. அடுத்த நூற்றாண்டில் நிறவெறிக்கு இறையியல் ஆதரவு தருமளவுக்கு அந்தச் சலுகை வளர்ந்தது. அப்படித் தனியே பிரிக்கப்பட்ட சபையிலிருந்தே எழுந்த ஆலன் பூசாக், 1982-இல் சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டமைப்புக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நிறவெறிக்குத் தரப்படும் இறையியல் நியாயம் கள்ளப்போதகம் என்று அந்தக் கூட்டமைப்பு அறிவித்ததும் அதே கூட்டத்தில்தான். விட்டுக்கொடுத்துச் சமாதானம் பேணியவர்கள் யாருடைய பங்கிலிருந்து எடுத்து விட்டுக்கொடுத்தார்கள் என்று கேட்க இந்த வரலாறு உங்களுக்கு உதவும்.

தேர்தல் நெருங்கும்போது ஏதாவது ஓர் அணி உங்களைத் தேடி வரும். தங்கள் பட்டியலில் எல்லாத் தரப்பும் இருக்கிறது என்று காட்ட அவர்களுக்கு உங்கள் பெயர் தேவை. அணியே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். தனியாக நின்று நல்ல பெயரோடு தோற்பதைப் புனிதமாக்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை. சேர்வதானால், வென்ற பிறகு எந்தத் துணைக்குழு, எந்த ஆண்டு வரவுசெலவில் எந்தச் செலவினம் என்பதைச் சேருமுன் பேசி, அணியிலுள்ள பலர் அறியச் சொல்ல வையுங்கள். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் சேராதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. நீங்கள் அந்த மக்களில் ஒருவரா, அவர்கள்மேல் அக்கறை கொண்டவரா என்பது உங்கள் கேள்வியிலிருந்து தெரியவில்லை. அவர்களில் ஒருவரென்றால் மேலே சொன்னவை போதும். வெளியிலிருந்து அக்கறை கொள்பவரென்றால், வேட்புமனு வாங்குமுன் அவர்களிடமே போய், ‘உங்களில் யார் நிற்கிறீர்கள், நான் முன்மொழிகிறேன்’ என்று கேளுங்கள். வேலைக்கு விடுப்பு கிடைக்காது, கூட்டம் முடிந்து இரவில் வீடு திரும்ப வண்டி இல்லை, ஆங்கிலத்தில் அச்சிட்ட கணக்கு புரியாது என்று அவர்கள் சொல்லும் காரணங்கள் ஒவ்வொன்றும் குழு மனது வைத்தால் தீர்க்கக்கூடியவை: கூட்ட நேரத்தை மாற்றலாம், வண்டிக்கு ஏற்பாடு செய்யலாம், கணக்கைத் தமிழில் கேட்கலாம். இவற்றைச் செய்தும் ஒருவரும் முன்வரவில்லை என்றால் நீங்கள் நில்லுங்கள். ஒரே தவணைக்கு மட்டும் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு நில்லுங்கள். அந்தத் தவணையில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்பு கூட்டப்பொருளை அவர்களிடம் காட்டுங்கள், முடிந்தபின் நடவடிக்கைக் குறிப்பின் படியைக் கொடுங்கள். அடுத்த முறை நிற்கக்கூடியவரைச் சிறப்பு அழைப்பாளராகத் துணைக்குழுவுக்கு அழைக்க விதி இடம் தந்தால், அதை முதல் ஆண்டிலேயே செய்துவிடுங்கள். கணக்கு வாசிக்கப் பழக ஓர் ஆண்டாவது பிடிக்கும்.